எட்டணா டிக்கெட்டின் இயற்பியல்

மதுரைத் தமிழ்ச் சங்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதை நிறுவியவர் ஒரு நீராவிக் கப்பல் கம்பெனிக்கும் தலைவராக இருந்தார் என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். கப்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வ.உ.சி.யின் பெயரில் தொடங்கி அதிலேயே நின்றுவிடுவார்கள். செக்கிழுத்தவரை முன்னால் நிறுத்துவது நியாயம்தான். ஆனால் 1906-இல் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை, நீராவியை நம்பி ஓடும் தொழிலுக்குத் தலைமை ஏற்றார். நிலத்துக்கு ஒரு கணக்கு, நீராவிக்கு வேறு கணக்கு. அந்தக் கம்பெனியை ஆங்கிலேய அதிகாரம் எப்படி ஒடுக்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அதை ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். தண்ணீருக்கும் வெப்பத்துக்கும் அந்தக் கதையில் எவ்வளவு கை இருந்தது என்பதை நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

முதலில் மனிதரைப் பார்த்துவிடுவோம். 1867 மார்ச் 21-இல் பிறந்தவர். தந்தை பொன்னுசாமித் தேவர், இராமநாதபுரம் அரசர் முத்துராமலிங்க சேதுபதியின் உடன்பிறந்தவர். சமஸ்தானத்தின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர். ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குப் பணம் கொடுத்தவர். விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி, பாண்டித்துரைக்குத் தந்தைவழிச் சகோதரர். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக் கடனாளி ஆனதில் பாஸ்கர சேதுபதி பெயர்பெற்றவர். பாலவநத்தம், அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் இருக்கிறது. மானாவாரிச் சீமை, கரிசல் மண். கடலுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜமீன் வருமானத்தின் சூட்சுமத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். சர்க்காருக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் தொகை நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டது. குடியானவன் கட்டும் தீர்வையிலிருந்து அதைக் கழித்தால் மீதி ஜமீன்தாருக்கு. மழை பொய்த்தால் வசூல் குறையும். ஆனால் நிலம் எங்கேயும் போய்விடாது. ஒரு வருஷம் தரிசாகக் கிடந்தாலும் மறு வருஷம் விளையும். நிலம் காத்திருக்கும். அப்படிப்பட்ட சொத்தில் வளர்ந்தவர் தம் பணத்தை எதில் போடுவார்? கோயிலில் போடுவார், புலவரிடம் போடுவார், ஏட்டுச்சுவடியில் போடுவார். பாண்டித்துரைத் தேவர் மூன்றிலும் போட்டார். 1901 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். கூடவே சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, செந்தமிழ் என்ற மாத இதழ். சிங்காரவேலு முதலியார் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்து, அச்சேற்ற ஆளில்லாமல் அலைந்த அபிதான சிந்தாமணி, 1910-இல் இந்தச் சங்கத்தின் வழியாகத்தான் வெளிவந்தது. மதுரையில் தமிழ்ச் சங்கம் ரோடு என்று இன்றும் பஸ்ஸில் கேட்டு இறங்குகிறோமே, அது இந்தச் சங்கம்தான்.

அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் திருக்குறளில் எதுகை மோனை சரியில்லை என்று தாமே ‘திருத்தி’ அச்சிட்டாராம். தேவர் அந்தப் பிரதிகள் அத்தனையையும் விலைக்கு வாங்கி, குழி தோண்டிக் கொளுத்திவிட்டாராம். நடந்தது இப்படியேதானா என்பது இருக்கட்டும். ஜமீன் பணம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது: ஒரே தடவை காசைக் கொட்டு, காரியத்தை முடி. நீராவிக் கப்பலில் இந்த வித்தை பலிக்காது. அங்கே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் மணிக்கு மணி.

1906 அக்டோபர் 16-இல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், ஆக 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, வாங்கிச் செயலாளர் ஆனார். ஒட்டப்பிடாரத்துச் சிதம்பரம் பிள்ளை, அதாவது வ.உ.சி., உதவிச் செயலாளர். அப்போது அவருக்கு 34 வயது. தலைவருக்கு 39. சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களில் ஒருவர். பங்குகளை ஆசியாக்காரர்களுக்கு மட்டுமே விற்பது என்பது விதி.

இதில் தலைவருக்கு என்ன வேலை? கப்பல் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. வரவு செலவை எழுத வேண்டியதும் இல்லை. எட்டயபுரத்துக் கடைக்காரரும் மதுரை வக்கீலும் கண்ணால் பார்க்காத ஒரு கப்பலை நம்பி 25 ரூபாயைக் கொடுக்க வேண்டும். கூட்டுப் பங்குக் கம்பெனி என்பதே நம் ஊருக்கு அப்போது பழக்கமில்லாத சங்கதி. கொடுத்த காசுக்கு மேல் நஷ்டம் நம்மைத் தொடாது என்ற சட்டப் பாதுகாப்பு காகிதத்தில் இருந்தது. காகிதத்தை யார் நம்புவார்கள்? சேதுபதி வம்சத்தின் பெயரை நம்புவார்கள். இராமேசுவரத்துச் சேதுவுக்குத் தலைமுறை தலைமுறையாகக் காவலாக இருந்த வம்சம் அது. அந்த நம்பிக்கையைப் பங்குப் பணமாக மாற்றித் தந்ததுதான் தலைவரின் தொண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அது சின்ன வேலை இல்லை.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். போட்டியான ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியின் நெருக்குதலில் ஷா லைன் கப்பலைத் திருப்பி வாங்கிக்கொண்டது. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்திச் சமாளித்தார்கள். பிறகு வ.உ.சி. பம்பாய்க்குப் போய்ப் பணம் திரட்டினார். 1907-இல் காலியோ, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். அந்த 1,300 பேரில் பெரும்பாலானோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிச் சனங்களும் சிறு வியாபாரிகளும்.

இனி எந்திரத்துக்கு வருவோம்.

தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஒரு குறிப்பிட்ட அளவு வெப்பம் வேண்டும். கொதித்த அந்தத் தண்ணீரை, வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல், ஆவியாக மட்டும் மாற்ற வேண்டுமென்றால் அதைப் போல ஏழு மடங்குக்கும் அதிகமான வெப்பம் வேண்டும். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். அடுப்பில் உலை சீக்கிரம் கொதித்துவிடுகிறது, ஆனால் வற்ற நெடுநேரம் ஆகிறதே, அதன் காரணம் இது. ஆவியான தண்ணீர், சாதாரணக் காற்றழுத்தத்தில், தன் பழைய இடத்தைப் போல ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தைக் கேட்கும். அந்த விரிவை உருளைக்குள் அடைத்து, உந்துதண்டைத் தள்ள வைத்து, தள்ளலைச் சுழற்சியாக மாற்றி, கப்பலின் பின்னால் இருக்கும் விசிறியைச் சுற்ற வைப்பதுதான் நீராவிக் கப்பல்.

அந்தக் காலத்துக் கப்பல்களில் பரவலாக இருந்தது மும்முறை விரிவு எந்திரம். கொதிகலனிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்தில் வரும் நீராவி முதலில் சிறிய உருளைக்குள் போகும். அங்கே கொஞ்சம் விரிந்து, அழுத்தம் குறைந்து, அடுத்த பெரிய உருளைக்குள் போகும். இன்னும் களைத்து மூன்றாவதான மிகப் பெரிய உருளைக்குள் போகும். ஒரே நீராவியிடம் மூன்று தடவை வேலை வாங்கும் இந்த ஏற்பாட்டை 1881-இல் அபர்தீன் என்ற கப்பல் வெற்றிகரமாகக் காட்டியது. அதற்குப் பிறகுதான் தூர தேசங்களுக்குப் பாய்மரத்தைவிட நீராவி மலிவு என்ற நிலை வந்தது.

மூன்று உருளைகளையும் தாண்டி வந்த நீராவியைக் கடலில் விட்டுவிட முடியாது. கொதிகலனுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதைக் கொதிக்கவைத்தால் இரும்புத் தகட்டில் உப்பும் சுண்ணமும் படிந்து, வெப்பம் தண்ணீருக்குப் போகாமல், தகடு பழுத்து வெடிக்கும். சுற்றிலும் கடல் இருந்தும் கொதிகலனுக்கு ஒரு குடம் தண்ணீர் ஆகாது. அதனால் களைத்த நீராவியைக் குளிர்விப்பானுக்குள் அனுப்பி, அதன் குழாய்களில் ஓடும் கடல்நீரால் குளிர்வித்து, மறுபடி தண்ணீராக்கிக் கொதிகலனுக்கே அனுப்புவார்கள். இங்கேதான் பெரிய நஷ்டம். ஆவியாக்குவதற்கு ஏழு மடங்கு வெப்பம் கொடுத்தோமே, அது முழுவதும் குளிர்விப்பான் வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது.

கணக்கில் சொன்னால், நல்ல மும்முறை விரிவு எந்திரம் ஒரு குதிரைத் திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி தின்னும். அந்தக் கரியில் இருந்த வெப்பத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று பதினான்கு பங்குதான் உந்துதண்டில் வேலையாக மாறும். எட்டணாவுக்குக் கரி வாங்கிப் போட்டால் ஓரணாவுக்கான கரிதான் கப்பலை நகர்த்தியது. மீதி ஏழணாக் கரி மன்னார் வளைகுடாவின் தண்ணீரையும் காற்றையும் சூடாக்கியது. இது சுதேசிக் கம்பெனியின் குறையில்லை. வெள்ளைக்காரன் கப்பலிலும் இதே கதிதான்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுமார் 150 கடல் மைல், நம் கணக்கில் 280 கிலோமீட்டர். பத்து நாட் வேகத்தில் பதினைந்து மணி நேரம். ஆயிரம் குதிரைத் திறன் கொண்ட ஒரு கப்பல் என்று கொண்டால், போக மட்டும் பத்தரை டன் கரி. அத்தனையையும் கொதிகலன் அறையில் கரி தள்ளுகிறவர்கள் மண்வெட்டியால் அள்ளிப் போட வேண்டும்.

சரி, ஆள் வராத நாளில் கப்பலை நிறுத்திவைத்தால் கரி மிச்சம்தானே? அதுவும் இல்லை. அந்தக் காலத்துப் பெரிய கொதிகலனைக் குளிர்ந்த நிலையிலிருந்து சூடேற்ற ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அவசரப்பட்டால் ஒரு பக்கத் தகடு விரிந்து மறுபக்கம் விரியாமல் மூட்டுகள் கசியும். ஆகவே நாளைக்குக் கிளம்ப வேண்டிய கப்பலில் இன்று இரவும் நெருப்பை அணைக்க மாட்டார்கள். கரியைக் குவித்துத் தணலாக வைத்திருப்பார்கள். தூத்துக்குடிக் கடல் வேறு ஆழமில்லாதது. பவளத் திட்டுகளும் மணல் மேடுகளும் நிறைந்த கரை. அப்போது பெரிய கப்பல் கரைக்கு வரவே முடியாது. மைல் கணக்கில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் தோணியிலும் சிறு படகிலும் போய் ஏற வேண்டும். ஏற்றி இறக்கும் அத்தனை நேரமும் தணல் எரிந்துகொண்டே இருக்கும். வெப்பக் கடலில் நிற்கும் கப்பலின் அடிப்பாகத்தில் கொட்டலசு என்ற சிப்பிப்பூச்சிகள் ஒட்டிப் பெருகி வேகத்தைத் தின்னும். உலர்துறைக்குக் கொண்டுபோய்ச் சுரண்டாவிட்டால் அதே வேகத்துக்குக் கரி கூடும். நிலம் காத்திருக்கும் என்றேன். கப்பல் காத்திருக்கும்போதும் சாப்பிடும்.

இதுவரை சொன்னது இரண்டு கம்பெனிகளுக்கும் பொது. போட்டியின் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது: மிதத்தலில்.

எழுபது மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள ஒரு கப்பலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முனைகள் குறுகுவதால், தண்ணீர் மட்டத்தில் அது பிடிக்கும் பரப்பு சுமார் 560 சதுர மீட்டர். அதில் 1,300 பேர் ஏறுகிறார்கள். ஆளுக்கு 50 கிலோ என்றால் 65 டன். ஒரு திருவிழாக் கூட்டமே ஏறியாயிற்று. கப்பல் எவ்வளவு அமிழும்? கூடுதல் எடைக்குச் சமமான கடல்நீரை விலக்கும் வரை அமிழும். பதினொரு சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண். கடல்நீரில் நனையும் பரப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கூடும். கரிச் செலவும் ஏறக்குறைய அவ்வளவுதான் கூடும். 1,300 பேரை ஏற்றினாலும் ஒருவரையும் ஏற்றாவிட்டாலும் கொதிகலனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மாலுமிச் சம்பளம், காப்பீடு, கடன் வட்டி எதுவும் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து மாறுவதில்லை.

மதுரை மாட்டுத்தாவணிக்குப் பக்கத்து ஆம்னி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் போனால் இதே இயற்பியலைக் காதால் கேட்கலாம். தீபாவளிக்கு முதல் நாள் மூன்று மடங்கு விலைக்குப் போன சென்னை இருக்கையை, கிளம்பும் நேரத்தில், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடக் கூவிக்கொண்டிருப்பார்கள். டிரைவர் சம்பளமும் சுங்கச்சாவடிக் கட்டணமும் முன்பே முடிவான செலவு. டீசலிலும் பெரிய வித்தியாசம் இல்லை. காலி இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து எவ்வளவு கொடுத்தாலும் அது வரவு. கப்பலில் இந்த உண்மை இன்னும் கூர்மையாக நிற்கிறது. சக்கரத்தில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் உராய்வாகத் தெரியும். தண்ணீர் அந்தச் சுமையை அநேகமாக இலவசமாகவே தாங்கிக்கொள்கிறது.

ஆகவே கப்பல் கட்டணத்துக்கு இயற்கையான அடித்தளம் கிடையாது. பூஜ்யம் வரை சரியலாம். சரிந்தது.

எதிரே இருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் ஏ. அண்டு எஃப். ஹார்வி. தூத்துக்குடி கோரல் மில்லும் மதுரை ரயில் நிலையத்தை ஒட்டிய மதுரா மில்லும் அதே ஹார்வி சகோதரர்களுடையவைதான். தமிழ்ச் சங்கத் தலைவருடைய ஊரிலேயே எதிராளியின் புகைபோக்கியும் நின்றது. சுதேசிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் பி.ஐ. கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. பி.ஐ. சும்மா ஏறிக்கொள்ளுங்கள் என்றது. ஏறியவருக்கு ஒரு குடையும் இனாம். பயணம் செய்தவர்களில் பலர் குடையை மறுத்து, எட்டணாவைக் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு வியப்பூட்டும் செய்தி. பொருளாதாரப் பாடநூலில் இதற்கு இடமில்லை.

ஆனால் 1,300 பேரும் எட்டணா கொடுத்தால் 650 ரூபாய். கப்பல் நிறைந்தால்தான் அதுவும். கரியும் கூலியும் வட்டியும் நிறையாத நாளிலும் போய்க்கொண்டிருந்தன. இரண்டே கப்பல், ஒரே வழி. எதிராளிக்கோ வங்காள விரிகுடாவிலிருந்து பாரசீக வளைகுடா வரை கப்பல்கள். போதாததற்கு அரசாங்கத் தபால் சுமக்கும் ஒப்பந்தப் பணம். தூத்துக்குடியில் இழந்ததை ரங்கூனில் எடுத்துக்கொள்ளலாம். அக்காலத்துப் பெரிய கப்பல் கம்பெனிகள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து இன்னொரு தந்திரமும் வைத்திருந்தன. சரக்கு அனுப்பும் வியாபாரி எங்கள் கப்பலில் மட்டுமே அனுப்பினால், கட்டணத்தில் ஒரு பங்கைச் சில மாதம் கழித்துத் திருப்பித் தருவோம். நடுவில் ஒரே ஒரு மூட்டையை வேறு கப்பலில் அனுப்பினாலும் அந்தத் தொகை போச்சு. வியாபாரியின் பணத்தையே அவன் காலில் விலங்காகப் பூட்டும் ஏற்பாடு. இதை விசாரிக்க இங்கிலாந்திலேயே அரச ஆணையம் ஒன்று அமைத்தார்கள். ஆண்டு 1906, சுதேசிக் கம்பெனி பிறந்த அதே ஆண்டு.

இப்படி மாட்டிக்கொண்ட முதல் சீமான் பாண்டித்துரைத் தேவர் இல்லை. ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் 1884-இல் கிழக்கு வங்காளத்தில் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே நீராவிப் படகு விட்டார். ஆங்கிலேயரின் ஃப்ளோட்டிலா கம்பெனி கட்டணத்தை வெட்டியது. தேசபக்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சுதேசிப் படகில் ஏறினார்கள், பணம் மட்டும் ஏறவில்லை. அவர் கடனில் மூழ்கினார். 1890-களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா, பம்பாயிலிருந்து கீழ்த்திசைக்குப் பஞ்சு கொண்டுபோகக் கப்பல் விட்டு, பி. அண்டு ஓ. என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியின் கட்டண வெட்டில் கையைச் சுட்டுக்கொண்டார். அவரோடு சேர்ந்து இறங்கிய ஜப்பானின் நிப்பான் யூசென் கம்பெனி மட்டும் நிலைத்தது. அதற்குப் பின்னால் ஜப்பான் அரசாங்கத்தின் மானியம் இருந்தது. அடிமட்டம் இல்லாத விலைச் சண்டையில், யாருடைய பணப்பை ஆழமோ அவர்தான் மிஞ்சுவார். தேவருக்குப் பின்னால் இருந்தது மானாவாரி நிலம்.

எதிர்த்தரப்புச் சீமானையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் அர்ப்ரோத் என்ற துறைமுக ஊரில், கடலோடிக் குடும்பத்தில் 1852-இல் பிறந்த ஜேம்ஸ் லைல் மக்கே, 1874-இல் கல்கத்தாவுக்கு வந்து, பி.ஐ. கம்பெனியை நிர்வகித்த மெக்கின்னன் மெக்கன்சியில் வேலைக்குச் சேர்ந்தார். படிப்படியாக ஏறி, 1911-இல் இஞ்ச்கேப் பிரபு ஆனார். 1914-இல் பி.ஐ.யும் பி. அண்டு ஓ.வும் இணைந்தன, அந்தப் பேரரசின் தலைவராகவும் ஆனார். தேவர் பிறப்பால் சீமான், கப்பலுக்கு வந்தார். மக்கே கப்பலுக்கு வந்து சீமான் ஆனார். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் ஒரு மணி நேரத்துக்கு என்ன தின்னும் என்பது இவர்களில் யாருக்கு மனப்பாடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேகத்தைக் குறைத்தாவது கரியை மிச்சம் பிடித்திருக்கலாமே என்று கேட்கலாம். இயற்பியல் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் போல ஏறும். தேவையான திறனோ வேகத்தின் கனத்தைப் போல ஏறும். பத்து நாட்டை எட்டு நாட்டாகக் குறைத்தால் மணிக்கு ஆகும் கரி பாதியாகிவிடும். பயணம் பதினைந்திலிருந்து பத்தொன்பது மணி நேரமாக நீண்டாலும், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக் கரி மிச்சம். இன்றைய கொள்கலன் கப்பல்கள் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் செய்வது இதைத்தான். தூத்துக்குடியில் அது நடக்காது. திறந்த மேல்தளத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவருக்கு நாலு மணி நேரம் கூடுதல் என்பது நாலு மணி நேர வெயில். எதிராளியின் கப்பல் முந்திப் போய்ச் சேர்ந்தால் மறுநாள் எட்டணா டிக்கெட்டை யார் வாங்குவார்?

பிறகு நடந்தது தெரிந்த கதை. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் வேலைநிறுத்தம். மார்ச் 12-இல் வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சியும் துப்பாக்கிச் சூடும், ஜூலை 7-இல் இரட்டை ஆயுள் தண்டனை. ஓட்டுகிறவர் சிறைக்குள் போனபின் பங்குதாரர்கள் அஞ்சினார்கள், அதிகாரிகள் நெருக்கினார்கள். ஆனாலும் கொதிகலனின் பசி குறையவில்லை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியோ கப்பல் எதிராளிக்கே விற்கப்பட்டதை வ.உ.சி.யால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை. அதைவிட அந்தக் கப்பலை உடைத்துக் கடலில் போட்டிருக்கலாம் என்று நினைத்தவர் அவர். அதே 1911-இல், டிசம்பர் 2 அன்று, பாண்டித்துரைத் தேவர் தம் 44-ஆம் வயதில் இறந்தார். வ.உ.சி. விடுதலையாகி வெளியே வந்தது 1912 டிசம்பரில்.

சில ஆண்டு கழித்து ஒரு சுதேசிக் கப்பல் கம்பெனி பிழைத்தது. 1919 ஏப்ரல் 5-இல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு லாயல்டி என்ற கப்பலை விட்ட சிந்தியா கம்பெனி அது. இன்றைய தேசியக் கடல்சார் தினம் அந்தத் தேதிதான். குவாலியர் மன்னரிடமிருந்து வாங்கிய கப்பல் அது, கம்பெனியின் பெயரும் அந்த வம்சத்தின் பெயரே. வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் நடத்திய அந்தக் கம்பெனியும் கட்டணச் சண்டையில் திணறத்தான் செய்தது. 1923-இல் இஞ்ச்கேப்போடு ஒப்பந்தம் போட்டு, எந்த வழியில் எவ்வளவு ஓட்டலாம் என்ற கட்டுப்பாட்டை ஏற்றுத்தான் உயிரைத் தக்கவைத்தது. அப்படியொரு தாளில் வ.உ.சி. கையெழுத்துப் போட்டிருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தேவர் போட்டிருப்பாரா? ஜமீன்தார்களுக்குச் சர்க்காரோடு ஒப்பந்தம் போட்டுப் பழக்கம் உண்டு.

போட்டிருந்தாலும் தூத்துக்குடி–கொழும்பு வழி நிலைத்திருக்குமா என்பது சந்தேகம். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் வந்ததால்தான் இலங்கைப் பயணிகள் எல்லாம் அந்தத் துறைக்குப் போனார்கள். 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை இன்னொரு பாதை போட்டார்கள். கடலுக்குக் குறுக்கே பாம்பன் பாலத்தின் வேலை தேவர் இறந்த ஆண்டில் தொடங்கியது, 1914 பிப்ரவரி 24-இல் பாலம் திறக்கப்பட்டது. சேதுபதிகளின் சீமை வழியாக ஓடிய அந்த ரயில், பயணிகளைத் தனுஷ்கோடியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து தலைமன்னாருக்கு ரயில்வே கம்பெனியின் சொந்தக் கப்பல். ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். கடல் தூரம் 280 கிலோமீட்டர் போய் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். பதினைந்து மணி நேரம் எரிய வேண்டிய கொதிகலன் இரண்டு மணி நேரம் எரிந்தால் போதும். தூத்துக்குடியில் இறங்கிக்கொண்டிருந்த இலங்கைக் கூட்டம் ஒன்றிரண்டு வருஷங்களில் போட் மெயில் என்ற அந்த ரயில் பக்கம் திரும்பிவிட்டது, பி.ஐ. கம்பெனியாலும் அதைத் தடுக்க முடியவில்லை.